நெஞ்சிற்குச் சொல்லியது

(கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சின் நடுவே வந்த கிளைக்கதைகள் சுருக்கப்பட்டுள்ளன.)



உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவாக, அவரிடம் ஓடவும் தாண்டவும் கற்றுக்கொண்டவர்கள் பணம் சேர்த்து நிறுவிய அறக்கட்டளை இது. மைதானத்தில் பிறந்த அறக்கட்டளைக்கு உளவியல் கற்பிக்கும் என்னை அழைத்ததை நான் பெருமையாகக் கருதுகிறேன். ஓடுதளத்தின் தொடக்கக் கோட்டில் குனிந்து நிற்கும் பெண்ணும், வினாத்தாளைத் திருப்பப் போகும் மாணவனும் அந்த நொடியில் ஒன்றையே செய்துகொண்டிருக்கிறார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சைத் தற்பேச்சு என்று சுருக்கமாகக் குறிப்பிட்டுக்கொள்கிறேன்.

தேர்வுக் காலம் நெருங்கினால் விடுதி அறைச் சுவர்களில் ‘என்னால் முடியும்’, ‘வெல்லப் பிறந்தவன் நான்’ என்று எழுதிய தாள்கள் ஒட்டப்படுகின்றன. காலையில் கண்ணாடி முன் நின்று இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லும் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. அவற்றை நடத்துபவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நான் படித்தவையும் வகுப்பறையில் கண்டவையும் என்னை வேறொரு முடிவுக்குக் கொண்டு வந்திருக்கின்றன. தயக்கத்தைத் தாண்ட உதவும் தற்பேச்சுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. சொல்கிறவரே அதை நம்ப வேண்டும். அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று அது காட்ட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத புகழ்மொழி, யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களையே கைவிட்டுவிடுகிறது. இந்தக் கருத்தைச் சில பகுதிகளாக எண்ணிட்டு விளக்குகிறேன்.

1. கூவேயின் கயிறு

கண்ணாடிப் பயிற்சிக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டின் நான்சி நகரில் வாழ்ந்த எமீல் கூவே (1857–1926). அவர் மருந்தாளுநர். மருந்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்தால் நோயாளிக்குக் கூடுதலாகக் குணம் தெரிவதைக் கவனித்தார். அதிலிருந்து ஒரு முறையை வகுத்தார். நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தாம் மேம்பட்டு வருவதாகக் கூறும் ஒரே வாக்கியத்தைக் காலையிலும் இரவிலும் இருபது முறை முணுமுணுக்க வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் பேசிய இடங்களில் கூட்டம் அலைமோதியது.

கூவே கவனமான மனிதர். மனவுறுதியும் கற்பனையும் மோதிக்கொண்டால் கற்பனைதான் வெல்லும் என்று அவரே எச்சரித்தார். உள்ளே தோல்விக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் மட்டும் வெற்றி வெற்றி என்று சொல்வதால் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்வந்தவர்கள் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். தமிழிலும் தன்னம்பிக்கை நூல்களுக்கு நெடிய வரிசை இருக்கிறது. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ படித்துத் தொழில் தொடங்கியவர்களை நான் அறிவேன். அந்த வரிசைக்கு நான் கடன்பட்டவன். அதைக் குறை கூறுவது என் நோக்கமில்லை. எந்தச் சொல் யாருக்கு எப்போது உதவுகிறது என்பதே என் கேள்வி.

2. நம்பாததைச் சொன்னால்

2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் உட் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் நான்கு நிமிடம் தங்கள் மனத்தில் ஓடுவதை எழுத வேண்டும். அவர்களில் ஒரு பிரிவினர் மட்டும், மணியோசை கேட்கும்போதெல்லாம், தாம் அன்புக்குரியவர் என்னும் பொருள்பட்ட வாக்கியத்தைத் தமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். தம்மைப் பற்றி ஏற்கெனவே நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அது கொஞ்சம் நன்மை செய்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களோ, அதைச் சொல்லாமலிருந்த தம்மைப் போன்றவர்களைக் காட்டிலும் மனம் சோர்ந்திருந்தார்கள். பிற்பாடு இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் இதே விடை கிடைக்கவில்லை; ஓர் ஆய்வை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை என் வகுப்பறை அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

‘நான் கணக்கில் புலி’ என்று சொல்லிக்கொள்ளும் மாணவனுக்கு, சொன்ன மாத்திரத்தில், அரையாண்டுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் நினைவுக்கு வருகிறது. பெரிதாகச் சொல்லச் சொல்ல மறுப்பும் பெரிதாகிறது. அதே மாணவன், ‘போன வாரம் பத்துக் கணக்கில் ஆறு சரியாகப் போட்டேன், மற்ற நாலிலும் கடைசிப் படியில்தான் குறி மாறிப்போனது’ என்று சொல்லட்டும். உள்ளிருந்து எதிர்த்துப் பேச ஆளில்லை. அது உண்மை, அதில் அடுத்த வேலையும் இருக்கிறது.

பதற்றத்துக்கும் இது பொருந்தும். மேடையேறும் முன் நெஞ்சு படபடக்கும்போது ‘பதறாதே, அமைதியாக இரு’ என்பதே நாம் எல்லாரும் சொல்லும் அறிவுரை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன் பாட வேண்டியவர்கள், பேச வேண்டியவர்கள், நேரம் வைத்துக் கணக்குப் போட வேண்டியவர்கள் ஆகியோரைச் சோதித்தார். தமக்கு உற்சாகமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களை விட நன்றாகச் செய்தார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது. ஆகவே உடம்பு அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்கிறது. துடிக்கும் இதயத்திடம் நீ அமைதியாக இருக்கிறாய் என்று சொன்னால் அது நம்புவதில்லை.

3. வேலை சொல்லும் பேச்சு

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். என் கருத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சிறு குழந்தைகள் விளையாடும்போது சத்தமாகத் தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே, குழந்தை பிறரோடு பழகப் பழக இந்தப் பேச்சு தேய்ந்து மறைந்துவிடும் என்று கருதினார். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி அதை மறுத்தார். அது மறைவதில்லை, உள்ளே போகிறது என்றார். அவர் ஒரு சோதனை செய்தார். படம் வரையும் குழந்தைக்கு வேண்டிய பென்சிலை எடுத்துவிடுவது, தாளைச் சிறிதாகக் கொடுப்பது போன்ற சிறு தடைகளை வைத்தார். தடை வந்ததும் குழந்தைகளின் தற்பேச்சு ஏறத்தாழ இரு மடங்கானது. அவர் பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்த ஐந்தரை வயதுச் சிறுவனின் பென்சில் முனை உடைந்தது. உடைந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பென்சிலை வைத்துவிட்டு வண்ணத் தூரிகையை எடுத்தான். விபத்தில் உடைந்துபோன டிராமை வரையத் தொடங்கினான்.

அந்தச் சிறுவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளவில்லை, திட்டிக்கொள்ளவும் இல்லை. நடந்ததைச் சொன்னான், சொன்ன சொல்லே அடுத்த வேலையைக் காட்டியது. வைகோட்ஸ்கி 1934இல் 37 வயதில் காசநோயால் இறந்தார். ‘சிந்தனையும் மொழியும்’ என்ற அவருடைய நூல் அதே ஆண்டில்தான் வெளிவந்தது.

இந்தக் கருத்தைப் பயிற்சியாக மாற்றியவர்களில் முக்கியமானவர் டொனால்டு மைக்கன்பாம். அவரும் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தவர். 1971இல் ஜோசப் குட்மேனுடன் சேர்ந்து, எதையும் அவசரப்பட்டுச் செய்து கெடுத்துக்கொள்ளும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளோடு வேலை செய்தார். பயிற்சி ஐந்து படிகளில் நடந்தது. முதலில் பெரியவர் தாமே சத்தமாகப் பேசிக்கொண்டு வேலையைச் செய்து காட்டுவார். அடுத்து, அவர் சொல்லச் சொல்லக் குழந்தை செய்யும். மூன்றாவதாகக் குழந்தையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்யும், பிறகு கிசுகிசுப்பாக, கடைசியில் உதடு அசையாமல் மனத்துக்குள். அந்தப் பேச்சில் முதலில் வருவது கேள்வி: இப்போது என்னிடம் என்ன கேட்கிறார்கள்? அடுத்துத் திட்டம்: இந்தக் கோட்டைப் பார்த்து இதே மாதிரி போட வேண்டும், மெதுவாக. பிறகு செய்து காட்டும் பெரியவர் வேண்டுமென்றே ஒரு தவறு செய்வார். தவறைப் பார்த்து, பரவாயில்லை, அழித்துவிட்டுத் தொடரலாம் என்ற பொருளில் தமக்கே சொல்லிக்கொள்வார். பாராட்டு கடைசியில்தான் வரும், அதுவும் செய்து முடித்த வேலைக்கு.

தவறு நேர்ந்தபின் என்ன சொல்லிக்கொள்வது என்பதையும் பாடத்துக்குள் வைத்ததே இந்த முறையின் சிறப்பு என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முன் சொல்லிக்கொள்ள வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் கேள்விக்கே விடை தெரியாமல் போனால் அடுத்த அரை நிமிடம் சொல்லிக்கொள்ள எதுவும் கையில் இல்லை. அந்த அரை நிமிடத்தில்தான் ‘எல்லாம் போச்சு’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கேள்வியில் தொடங்குவதற்கும் தனி வலிமை உண்டு. 2010இல் இப்ராஹிம் செனாயும் டோலோரஸ் அல்பராசினும் உடனாய்வாளரோடு வெளியிட்ட சோதனைகளில், எழுத்துகளை மாற்றியமைத்துச் சொல் கண்டுபிடிக்கும் புதிரைப் பலருக்குக் கொடுத்தார்கள். ‘செய்வேன்’ என்று உறுதி சொன்னவர்களை விட ‘செய்வேனா?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டவர்கள் அதிகப் புதிர்களை விடுவித்தார்கள். கேள்வி விடையைக் கேட்டு நிற்கிறது. எப்படிச் செய்வது என்று மனம் யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் தயக்கமே ஒரு கேள்விதான். ‘என்னால் முடியுமா?’ என்ற குரலை அடக்க வேண்டியதில்லை. அதற்கு விவரத்தோடு பதில் சொன்னால் போதும்.

சத்தமாகத் தொடங்கி மெல்ல உள்ளே இறங்கும் இந்த முறையை நம் ஊரில் தேட வேண்டியதில்லை. மிருதங்கம் கற்பவர்கள் ‘தா தீ தொம் நம்’ என்று சொல்லத்தான் முதலில் கற்கிறார்கள். கையால் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொற்கட்டைச் சொல்லி, அது பழகிய பின்புதான் அதே பாடம் தோலின் மேல் இறங்குகிறது. நாளாக ஆக வாய் மூடிக்கொள்கிறது. சொற்கட்டு உள்ளே ஓடுகிறது. மைக்கன்பாமின் ஐந்து படிகளையும் எந்த மிருதங்க வகுப்பிலும் நீங்கள் பார்க்கலாம்.

4. எப்போது எந்தச் சொல்

விளையாட்டுத் துறையில் இதுபற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கிரேக்க நாட்டின் தெஸ்ஸலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோனிஸ் ஹட்சிஜியோர்ஜியாடிஸ் குழுவினர் 2011இல் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தற்பேச்சு ஆட்டத்திறனைக் கூட்டுகிறது. விளைவு நடுத்தர அளவு. குறி பார்த்து எறிவது போன்ற நுணுக்கமான வேலைகளில் ஊக்கச் சொல்லை விடச் செய்முறைச் சொல் அதிகம் உதவியது. புதிதாகக் கற்கும் வேலையிலும், தற்பேச்சை முன்கூட்டியே பயிற்சி செய்தவர்களிடமும் பலன் கூடுதலாக இருந்தது. ஜூடி வான் ரால்ட் 1994இல் இளம் டென்னிஸ் வீரர்களை ஆட்டத்தின்போது கவனித்து வெளியிட்ட ஆய்வையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தம்மைத் திட்டிக்கொண்டவர்கள் தோற்பது அதிகமாக இருந்தது. தம்மைப் பாராட்டிக்கொண்டதற்கும் வெற்றிக்கும் தொடர்பு தென்படவில்லை.

எனவே செய்முறைச் சொல்லே எங்கும் சிறந்தது என்று சொல்லிவிடலாமா? முடியாது. கைவந்த வேலையைப் படிப்படியாகக் கவனித்துச் செய்யச் சொன்னால் தேர்ந்தவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதை சியான் பைலாக்கின் கோல்ஃப் ஆய்வுகள் காட்டின. கற்றுக்கொள்பவருக்கு ஐந்து வாக்கியம் வேண்டும். கற்றுத் தேர்ந்தவருக்கு ஒரு சொல் போதும். பந்தைப் பார், மூச்சு விடு, தோளைத் தளர்த்து என்பது போல.

நெடுநேரம் தாங்கிப் பிடிக்க வேண்டிய வேலைகள் வேறு வகை. 2014இல் ஆந்தனி பிளாஞ்ச்ஃபீல்டும் சாமுவேலே மார்க்கோராவும் பிறரும் 24 பேரைச் சோதனைக்கூடச் சைக்கிளில் களைத்து விழும்வரை மிதிக்கச் சொன்னார்கள். பாதிப்பேர் பிறகு இரண்டு வாரம், தாமே தேர்ந்துகொண்ட ஊக்கச் சொற்களைப் பயிற்சியின்போது சொல்லிப் பழகினார்கள். மீண்டும் மிதித்தபோது அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 18 சதவீதம் கூடியது. மற்றவர்களிடம் மாற்றமில்லை. அதே மிதிப்பில் அவர்கள் உணர்ந்த சிரமம் குறைந்திருந்தது. அந்தச் சொற்களை ஆய்வாளர் எழுதிக் கொடுக்கவில்லை என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரியின் கதையைச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம். எதிரே ஜோகோவிச். அதற்கு முன் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் மர்ரி தோற்றிருந்தார். முதல் இரண்டு செட்டுகளை வென்று, அடுத்த இரண்டையும் இழந்தார். ஐந்தாவது செட்டுக்கு முன் கழிப்பறைக்குப் போனவர், அங்கே கண்ணாடி முன் நின்று தம்மிடமே வாய்விட்டுப் பேசியதாகப் பின்னர் பேட்டியில் சொன்னார். இந்த ஆட்டத்தை நீ விடப்போவதில்லை, எல்லாவற்றையும் கொடு என்பது அந்தப் பேச்சின் சாரம். தொடக்கத்தில் குரல் எழவில்லை. பிறகு உரக்கப் பேசினார். ஐந்தாவது செட்டை 6–2 என்று வென்றார். ஆட்டம் நடந்தது 4 மணி 54 நிமிடம். 1936இல் ஃபிரெட் பெர்ரிக்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பிரிட்டன் ஆண் வீரர் அவர்தான்.

கண்ணாடி முன் நின்று பேசுவது வீண் என்றீர்களே, இது என்ன என்று நீங்கள் கேட்கலாம். மர்ரி தம்மை உலகின் தலைசிறந்த வீரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டம் சமனில் நின்றது. இன்னும் தோற்கவில்லை என்பது அப்போது உண்மை. நம்பக்கூடியதைச் சொன்னார். ஒரு செட் ஆட வேண்டும், அதில் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று வேலையையும் சொன்னார். ராக்கெட்டை எப்படிப் பிடிப்பது என்பதை அந்த நேரத்தில் யாரும் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

5. ‘நான்’ என்றா, ‘நீ’ என்றா

மர்ரி தம்மை ‘நீ’ என்று அழைத்ததைக் கவனித்திருப்பீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் இதையே ஆராய்ந்தார்கள். மதிப்பிடுபவர்கள் முன் பேச வேண்டும், தயாராக ஐந்தே நிமிடம். ‘நான் ஏன் பதறுகிறேன்’ என்று யோசித்தவர்களை விட, தம் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ தம்மிடம் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்தபின் வெட்கிக் குமைவதும் குறைவாக இருந்தது. கூட்டத்தைக் கண்டால் கூசுபவர்களுக்கும் இது உதவியது. நண்பன் கலங்கி நிற்கும்போது நாம் நிதானமாக யோசனை சொல்கிறோம். அந்த இடைவெளி நம் விஷயத்தில் கிடைப்பதில்லை. முன்னிலையில் பேசும்போது அதில் கொஞ்சம் கிடைக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சங்க இலக்கியம் நினைவுக்கு வரும். அகநானூற்றிலும் நற்றிணையிலும் பல பாட்டுகளில், ‘தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது’ என்ற துறைக்குறிப்பைக் காண்கிறோம். பொருள் தேடப் புறப்பட்டவன் பாலை வழியின் நடுவே நின்று, திரும்பிவிடலாமா என்று ஏங்கும் நெஞ்சோடு வாதாடுகிறான். தொல்காப்பியச் செய்யுளியல், பேசுவது போலவும் கேட்பது போலவும் பாடக்கூடியவற்றை ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை என்று அடுக்கும்போது அந்த வரிசையில் நெஞ்சையும் வைக்கிறது. திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் (125), நெஞ்சொடு புலத்தல் (130) என இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. சங்கப் புலவர்கள் உளவியல் சோதனை நடத்தினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் செய்தது கவிதை, அதன் நோக்கம் வேறு. ஆனால் நெஞ்சை எதிரில் நிறுத்தி, கேட்டு, கடிந்து, நியாயம் சொல்லி வழிக்குக் கொண்டுவரும் பேச்சு நம் மொழியில் ஈராயிரம் ஆண்டாகப் புழங்குகிறது. அந்தப் பாடல்களில் நெஞ்சை யாரும் வெறுமனே புகழ்வதில்லை. அதனோடு பேசித் தீர்க்கிறார்கள்.

6. அந்தக் குரல் யாருடையது

கடைசியாக ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

உள்ளே ஒலிக்கும் பேச்சு வெளியிலிருந்துதான் வந்தது என்பது வைகோட்ஸ்கியின் அடிப்படைக் கருத்து. பெரியவர் குழந்தையிடம் சொன்னதைக் குழந்தை பிறகு தன்னிடம் சொல்லிக்கொள்கிறது. ‘உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு’ என்ற பேச்சைக் கரும்பலகை முன் ஒருமுறை கேட்க நேர்ந்தவன், இருபது ஆண்டு கழித்து நேர்காணல் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போதும் அதே குரலைக் கேட்கிறான், இப்போது தன் குரலில். அவனிடம் போய் நல்லதையே நினை என்று சொல்வது நியாயமாகாது. உங்கள் அறக்கட்டளையின் பெயருக்குரிய ஆசிரியரைப் பற்றி அவர் மாணவர்கள் என்னிடம் சொன்னார்கள்: தாண்டித் தவறியவனிடம் அவர் ஒருநாளும் ‘ஏன் விழுந்தாய்’ என்று கேட்டதில்லையாம், ‘எந்தக் காலில் எழும்பினாய்’ என்று கேட்பாராம். அந்தக் கேள்வியைத்தான் அவர்களில் பலர் இன்றும் தங்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

தற்பேச்சால் ஆகாதவையும் உண்டு. படிக்காத பாடத்தை அது எழுதித் தராது. கருவியே இல்லாத ஆய்வகத்தில் படித்துவிட்டுச் செய்முறைத் தேர்வுக்கு வரும் மாணவியின் தயக்கத்துக்குக் காரணம் அவள் மனம் அல்ல. அங்கே திருந்த வேண்டியது ஆய்வகம். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறவருக்குத் தேவை மருத்துவரும் ஆலோசகரும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். விடுதிப் பலகையில் அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

இந்தக் கல்லூரியின் உடற்கல்வி, உளவியல் துறைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு அமர்கிறேன். இந்தப் பருவத்தில் புதிதாகக் குண்டு எறியவோ கூடைப்பந்து போடவோ கற்கும் மாணவர்களை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பிரிவு ‘என்னால் முடியும்’ என்று சொல்லட்டும். இன்னொரு பிரிவு, தங்கள் பெயரைச் சொல்லி அழைத்து, அடுத்த அசைவு என்ன, தவறினால் என்ன செய்வது என்று தாங்களே எழுதிய இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பழகட்டும். மூன்றாம் பிரிவு வழக்கம்போலப் பயிலட்டும். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் தூரத்தையும் புள்ளிகளையும் அளந்து குறித்து வையுங்கள். அளப்பவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. விடை என் கருத்துக்கு எதிராக வந்தாலும், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு மலரில் அதை முழுமையாக அச்சிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.